டொனாட்டோவின் நாற்காலிகள்

நியூயார்க்கில், மல்பெரி தெருக் கடையொன்றைக் கொட்டகையாக்கி நானும் என் கணவர் கயெத்தானோவும் படம் காட்டினோம். நாற்காலிகள் சவ அடக்கம் செய்யும் டொனாட்டோவிடம் வாடகைக்கு எடுத்தவை. எங்காவது சாவு விழுந்தால் அவற்றைக் கொண்டுபோய்விடுவார். அன்று ஜனங்கள் நின்றுகொண்டே படம் பார்ப்பார்கள்.

நேற்று அவை என் வீட்டுக்கு வந்தன. கயெத்தானோ இறந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை.

"கொட்டகையை வித்துடலாம் அண்ணி," என்றான் கொழுந்தன் சவேரியோ. "பொம்பளை நடத்துனா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கத்தானே தம்பி காசு குடுத்து வர்றாங்க?"

இன்று அடக்கம் முடிந்ததும் டொனாட்டோ வண்டியோடு வாசலில் நின்றார்.

"நாற்காலியெல்லாம் என் கடைக்கே கொண்டுபோயிடவாம்மா?"

சவேரியோ தலையாட்டினான்.

"கொட்டகையில இறக்குங்க," என்றேன். "நாளைக்கு ஆட்டம் இருக்கு."