அறுபத்தைந்து அங்குலத்தில் ஒரு மஞ்சள் முகம்

புது டிவி வாங்கிய நாளிலிருந்து என் மனைவி கும்-ஓக் அதில் ஒரு நிகழ்ச்சியும் பார்த்ததில்லை. டிவியைத்தான் பார்த்தாள். பார்க்கும் வேலை அப்படி. தென்கொரியாவின் பாஜு நகரில் டிவித் திரை செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். இருட்டறையில் உட்கார்ந்து, வெறும் சாம்பல் நிறத்தில் ஒளிரும் திரையில் எங்கே திட்டு விழுந்திருக்கிறது என்று தேடுபவள். அதே தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பேருந்தை ஓட்டுபவன் நான்.

அறுபத்தைந்து அங்குலம், நாலு கே என்று நான் பெருமையடித்தபோது, "கடையில பளிச்சுன்னு காட்டுறதுக்கு வச்சிருந்ததை மாத்தாமயே தூக்கிட்டு வந்துட்டீங்க. செய்தி வாசிக்கிறவ மூஞ்சி நீலம் பூத்துக் கிடக்கு" என்றாள். ரிமோட்டைப் பிடுங்கி வெளிச்சத்தைக் குறைத்தாள், நிறத்தைத் திருத்தினாள், சோபாவை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டாள். படம் நன்றாகத்தான் ஆகிவிட்டது. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அதை வாங்கியதே எங்கள் ஒரே மகள் பொராமுக்காக. மார்ச்சில் ஜேஜு தீவுக்குப் பள்ளி ஆசிரியையாகப் போனாள். அங்கே எங்களுக்கு ஈ காக்கை தெரியாது. போனில் சாப்டியா என்றால் "ம்." யாராவது பேசுறாங்களா என்றால் அதற்கும் "ம்." முகத்தையாவது பெரிதாகப் பார்ப்போமே என்றுதான் வாங்கினேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு மதியம் வீடியோ அழைப்பில் வந்தாள். கைபேசியை டிவியோடு இணைத்ததும் கும்-ஓக் கையிலிருந்த கிம்ச்சி ஊறுகாய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பொராம் அப்பா, இவ மஞ்சளா இருக்கா."

"நீதான நேத்து நிறத்தைத் திருகிட்டு இருந்த?"

கும்-ஓக் சிரிக்கவில்லை. அவளுடைய தம்பி முப்பத்தாறு வயதில் ஈரல் கெட்டுச் செத்தான். முதலில் மஞ்சளானது முகம்தான். வெயிலில் அலைகிறான், அதனால்தான் என்று அப்போது சொன்னவன் நான்.

"வெள்ளைத்தாள் ஒண்ணு எடுத்து முகத்துக்குப் பக்கத்துல பிடிடி."

தாளும் மஞ்சளாகத் தெரிந்தது.

"பாத்தியா, அங்க இருக்கிற விளக்கு அப்படி" என்றேன்.

"சும்மா இருங்க. பொராம், சன்னல்கிட்டப் போ."

சன்னலருகே தாள் வெளுத்துவிட்டது. முகம் வெளுக்கவில்லை.

"கண்ணைக் காட்டு. வெள்ளை முழி தெரியணும்."

திரை முழுக்க ஒற்றைக் கண் வந்தது. ஆனால் கட்டம் கட்டமாகக் கலங்கி, கறுப்பு எது வெள்ளை எது என்றே புரியவில்லை.

"நாலு கேன்னு சத்தியம் பண்ணானே கடைக்காரன்" என்றேன்.

"அவ அங்கருந்து அனுப்புற படத்துல இருக்கிறதே நாலு புள்ளி. அதை இந்தப் பெரிய திரையில இழுத்துக் கட்டினா புள்ளிதான் பெருசாகும், கண்ணு எங்கருந்து வரும்? பொராம், லென்ஸைத் துடைச்சுட்டு, பின்பக்கக் கேமராவுல ஒரு போட்டோ எடு. அளவைக் குறைக்காம அப்படியே அனுப்பு. உள்ளங்கையையும் ஒண்ணு எடு."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"அனுப்புடி."

படம் வருவதற்குள், திரையில் வெளிச்சம் அடிக்காமல் இருக்கத் திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். இழுத்த வேகத்தில் ஒரு கொக்கி கழன்று வந்துவிட்டது.

படம் வந்தது. இமைமுடியை எண்ணலாம் போல இருந்தது. அவள் கிட்டப்போய், மூலை மூலையாக, தொழிற்சாலையில் பார்ப்பதைப் போலவே பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எந்தத் திரையையும் அவள் அவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டாள்.

"வெள்ளை" என்றாள். "சுத்தமான வெள்ளை." அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அடுத்த படத்தில் உள்ளங்கை மஞ்சள் அரைத்த கை மாதிரி இருந்தது. நோயில் வரும் மஞ்சள் கண்ணை விடாது. கமலா ஆரஞ்சை அளவுக்கு மீறித் தின்று வரும் மஞ்சள் கண்ணைத் தொடாது. குளிர்காலம் முழுக்க அந்தப் பழமாகத் தின்னும் பிள்ளையை வளர்த்த எங்களுக்கு அது தெரியும்.

"ஒரு நாளைக்கு எத்தனை கமலா ஆரஞ்சு திங்குற?"

"இருபது... முப்பதுகூட இருக்கும்மா."

"அவ்வளவு எதுக்குடி வாங்குற?" என்று நான் பாய்ந்தேன்.

"இங்க யாருப்பா வாங்குறா? தீவு முழுக்க ஆரஞ்சுத் தோட்டம்தான். ஜேஜுல குளிர்காலத்துல ஒருத்தர் ஆரஞ்சைக் கடையில வாங்குனா, அவங்களுக்கு ஆளே இல்லைன்னு அர்த்தம். வீட்டுக்காரம்மா வாசல்ல கூடையோட வச்சுட்டுப் போறாங்க. பிள்ளைங்க என் பையில திணிச்சுட்டு ஓடுதுங்க. மீன்கடை அத்தை ஒரு பக்கம், பஸ் டிரைவர் மாமா ஒரு பக்கம். முந்தாநாள் பல்லைக் காட்டப் போனேன், டாக்டரும் ஒரு பை குடுத்து அனுப்புறார். ஆசையா குடுத்ததை எப்படித் தூக்கிப் போடுறது? அதான் தின்னு தீர்க்கிறேன்."

பத்து மாதத்தில் அவள் எங்களிடம் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசியதில்லை. நான் மூக்கை உறிஞ்சினேன். கும்-ஓக் முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்த மஞ்சள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் குறைச்சுத் தின்னு" என்றாள். "ஆனா யாரு குடுத்தாலும் வேணாம்னு மட்டும் சொல்லிடாத."