செவ்வாய்க்கிழமை சாமி

கொழும்புத் துறைமுகத்தில் நான்கு வருஷம் கப்பலுக்கு நிலக்கரி சுமந்துவிட்டு ஜீயபுரம் திரும்பிய பிச்சை, வந்து இறங்கிய சூட்டோடு மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டான். சமயபுரத்தாளுக்கு விரதமாம். கடலில் காற்றடித்தபோது வேண்டிக்கொண்டதாம். செவ்வாய்க்கிழமைதோறும் கோயில், ஒருவேளைச் சாப்பாடு, பெண்டாட்டி பக்கத்தில் படுக்கக்கூடாது.

"எவ்வளவு நாளைக்குங்க?" என்று இருசம்மாள் கேட்டாள்.

"ஆத்தா உத்தரவு குடுக்கிறவரைக்கும்."

ஆத்தா உத்தரவு கொடுப்பதாக இல்லை. ஆடி போய்த் தையும் வந்துவிட்டது. இருசம்மாளோடு கல்யாணமானவர்களெல்லாம் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் காவிரிக்குக் குளிக்கப் போனார்கள். அவளுக்கும் ஒரு பிள்ளை வேண்டும். ஒன்றே ஒன்று போதும். அதை வாய்விட்டுக் கேட்டால் சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று பெயராகிவிடும். இந்த மனுஷர் இப்படியே ஒருநாள் பரதேசியாகக் கிளம்பிவிட்டால் தன் கதி என்ன என்ற பயம் வேறு அவளை அரித்தது.

பயந்தாலும் மலைப்பு மலைப்புதான். செவ்வாய்க்கிழமை கோயிலிலிருந்து திரும்பினால் பிச்சைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். பல் கிட்டும். முதல் தடவை இருசம்மாள் அலறியபோது பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் ஓடிவந்தாள். பார்த்த வேகத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அடியே இருசு, ஆத்தா வந்து இறங்கியிருக்காடி! வேப்பிலை கொண்டா!"

வேப்பிலை வீசினார்கள். வீச வீச நடுக்கம் அடங்கியது. இருசம்மாளுக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. தான் சோறு போடுகிற மனிதனுக்குள் ஆத்தா வந்து உட்காருகிறாளே!

அதற்குப் பிறகு கேட்கவேண்டுமா? சும்மா கிடந்த தெருவுக்கு ஒரு சாமி கிடைத்தால் விடுமா? காய்ச்சல் கண்ட பிள்ளைகளையும் பால் கறக்காத மாடுகளையும் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். "என்கிட்ட வராதீங்க, நான் அதுக்கு லாயக்கில்ல" என்று அவன் ஒதுங்கிப் பார்த்தான். அவன் ஒதுங்க ஒதுங்க அவர்களுக்குப் பக்தி ஏறியது. இருசம்மாளும் அவன் காலைத் தொட்டுக் கும்பிடுவாள். ஒவ்வொரு தடவையும் அவன் வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்வான். பெரிய சாமிகள் அப்படித்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மாசியில் திருவெள்ளறையிலிருந்து அவள் தம்பி சின்னையன் தகரப் பெட்டியோடு வந்தான். அவனும் கொழும்புத் துறைமுகத்துக்குத்தான் போகிறான். வழியனுப்ப அவன் பெண்டாட்டி வீரம்மாளும் கூட வந்திருந்தாள். சாமி ஆசீர்வாதம் பண்ணப்போகிறது என்று தெருவே கூடிவிட்டது. சின்னையன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான்.

"விபூதி பூசி அனுப்புங்க மாமா. உங்களாட்டம் ஒழுக்கமா இருந்துட்டுத் திரும்பணும்."

பிச்சை விபூதியைத் தொட்டான். கை நெற்றிவரைக்கும் போய் நின்றது. அவன் வீரம்மாளைப் பார்த்தான். விபூதியைத் திரும்பத் தட்டிலேயே உதறினான்.

"என்னாட்டம் இருந்துறாதே மாப்ள. நான் சமயபுரத்துக்கு ஒரு செவ்வாக்கிழமைகூடப் போகல. திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். எனக்கு மேகவியாதி. ஊசி போடுறாங்க. நீங்க வேப்பிலை வீசினது ஊசிக் காய்ச்சலுக்கு."

கூப்பியிருந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சந்திரம்மாள் அப்படியே நின்றாள். பிச்சை உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தான்.

"இது ரப்பர் உறை. ஆம்பளை போட்டுக்கிறது. டாக்டர் குடுத்தாரு." பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் நிறுத்தவில்லை. "கூலி வாங்கின அன்னிக்கு அங்க அத்தனை பேரும் பொம்பளை தேடிப் போவாங்க. நான் போகமாட்டேன்னு நீ இப்ப சொல்லுவே. நானும் சொன்னவன்தான். போகாம இருந்தா உத்தமம். போனா இதைப் போடாமப் போகாதே. மருந்துக் கடையில விக்கிறான், வெக்கப்படாமக் கேளு. எனக்கு அந்த நாள்ல இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. இந்த வியாதியோட வந்து இவளைத் தொட்டா இவளுக்கும் வரும், வயித்துல வர்ற புள்ளைக்கும் வரும்னாரு டாக்டர். அதை இவகிட்டச் சொல்ல வாய் வரல. அதுக்குத்தான் விரதம்னு பொய் சொன்னேன்."

இருசம்மாளுக்கு வயிறு எரிந்தது. அடப்பாவி! எவளெவளோ! விபூதித் தட்டைத் தூக்கி அவன் மூஞ்சியில் அடிக்கலாம்போல இருந்தது. ஆனால் கை எழவில்லை. இத்தனை மாதமாக, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் பெண்டாட்டியை எட்டவே நிறுத்தி, காய்ச்சலோடு ரயிலேறித் தனியாக வந்து சேர்ந்திருக்கிறான். இன்றைக்கு இன்னொருத்தன் பெண்டாட்டிக்காக, கும்பிட்ட தெருவுக்கு முன்னாலேயே சாமி பட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நிற்கிறான். யாரும் அவனைப் பிடித்துத் தள்ளவில்லை, தானாகவே இறங்கினான். ஆத்தா இறங்கியபோதுகூட அவளுக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

சின்னையன் கை நீட்டாமல் தலைகுனிந்து நின்றான். இருசம்மாள் பொட்டலத்தைப் பிடுங்கி, அவன் பெட்டியைத் திறந்து சட்டைகளுக்கு நடுவே வைத்து மூடினாள்.

"எடுத்துக்கிட்டுப் போடா. நாளைக்கு இந்த வீரம்மாளுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

வீரம்மாள் பெட்டியின் கொக்கியை மாட்டினாள்.

இருசம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். அறைவாளோ அழுவாளோ என்று தெரு மூச்சுவிடாமல் பார்த்தது.

"இன்னும் எவ்வளவு நாளாகுமாம்?"

"ரத்தம் பாத்துத்தான் சொல்லுவாராம்."

"வர்ற செவ்வாக்கிழமை நானும் வரேன். இனிமே உங்க பேச்சை நம்ப முடியாது. நான் புள்ள பெத்துக்கலாமா, எப்பப் பெத்துக்கலாம்னு அந்த டாக்டர் வாயாலதான் கேக்கணும்" என்றாள்.