எர்த் கம்பியிடம் சொன்னது

வானொலி அறையின் மூன்றாவது ரிசீவர் மேகமே இல்லாத ஒரு காலையில் கருகியது. ஆன்டெனா வயரிலிருந்து நீலப் பொறி பெட்டிக்குள் பாய்ந்ததைத் துறைமுகத்தில் பலரும் பார்த்தார்கள். வறண்ட காற்று உரசினால் நீளக் கம்பியில் மின்சாரம் சேரும், அது உள்ளதுதான். ஆனால் அந்த அறையைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டரக்கா வெளியூர் போன நாட்களில், எவ்வளவு காற்றடித்தாலும் கம்பி சும்மாதான் கிடந்தது. படகுகள் ஆபத்தில் கூப்பிட்டால் அந்தப் பெட்டியில்தான் கேட்கும். கேட்டதும் அக்கா சைரனை ஒலிக்க, மீட்புப் படகு கிளம்பும். பெட்டி கருகிக் கிடந்தபோது ஒரு படகு கவிழ்ந்தது. அதில் போனவன் பலகையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது அவன் அதிர்ஷ்டம்.

ரேடியோ மெக்கானிக் அக்காவுடைய கொழுந்தன். அறைக்கு வெளியே ஈர மண்ணில் எர்த்துக்காகச் செம்புக் கம்பியை ஆழமாக அடித்து இறக்கி, ஆன்டெனா வயரை ஒரு ரெசிஸ்டர் வழியாக அதோடு இணைத்தான். சேரும் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் கசிந்துவிடும், படகுகளின் குரல் பெட்டிக்குப் போய்விடும். வேறெந்தத் துறைமுகத்துக்கும் இது போதும். இங்கே நான்காவது பெட்டியும் புகைந்தது.

காரணம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. இதே அறையில் புயல் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு, போகாதே என்று அவள் தடுத்தும் அவன் அண்ணன் கடலுக்குப் போனான்; திரும்பவில்லை. அவள் அழவில்லை, ஏசவில்லை. கணவன் பேச்சையே எடுக்காமல் வருஷங்களை ஓட்டினாள்.

“அண்ணி, மனசுல இருக்கறத அடக்கி அடக்கி வச்சா ஒரேயடியாத்தான் பாயும். எர்த் கம்பிகிட்ட உக்காந்து அண்ணன திட்டிடுங்க.”

“செத்துப் போனவரயா திட்டச் சொல்ற?”

“கடலுக்குப் போறவங்க உசிரோட திரும்பணும்ல, அண்ணி?”

மறுநாள் முக்காலியைப் போட்டு, செம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிடிவாதக்காரன் என்றாள், காதிருந்தும் கேட்காதவன் என்றாள், என்னை நடுத்தெருவில் விட்டுப் போனவன் என்றாள். மண்ணிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. அதற்குப் பிறகு பெட்டி கருகவில்லை. தினமும் அவள் திட்டி முடித்த பிறகே படகுக்காரர்கள் நங்கூரம் எடுத்தார்கள்.

பல வருஷம் கழித்து ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். போர்வையைச் சுற்றிக்கொண்டு, கம்பிப் பக்கம் போகாமல் நேராகப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எல்லாப் படகும் கரையில் நின்ற நேரத்தில் பெட்டி பேசியது. கணவனின் குரல், இரைச்சல் துளியும் இல்லாமல்.

“என்ன, இன்னைக்கு சத்தத்தையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அது கேட்கும் பெட்டி மட்டுமே. அதில் பதில் சொல்ல வழியில்லை. அக்கா போர்வையோடு வெளியே போய்க் கம்பியைப் பிடித்தாள். நெடுநேரம் அழுதாள். காய்ச்சல் என்று சொன்னாள், மாத்திரை போட்டதையும் சொன்னாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்குத் திட்ட வேண்டியதை ஒன்று விடாமல் திட்டி முடித்தாள்.