மெக்சிக்கோ கோப்பையும் மாடிப்படியும்

மெக்சிக்கோவில் ராத்திரி ஆட்டம் என்றால் தென்காசியில் இட்லி வேகும் நேரம். அன்றைக்கு என் வீட்டுக்காரரே இட்லியை இறக்கி, தின்றுவிட்டு, குற்றாலத்துக்குக் கடை திறக்கப் போய்விட்டார். சாரல் முடிந்து அருவியில் நூலாய்த் தண்ணீர் விழும்போது நேந்திரங்காய் சிப்ஸ் வாங்க யார் வருவார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் சண்டை வரும். அந்த மாதங்களில் வீட்டை ஓட்டியது என் சம்பளம்தான். அந்தச் சம்பளம் இனிமேலும் உண்டா இல்லையா என்பது அன்றைய ஆட்டத்தில் இருந்தது.

வேலை இதுதான். மெக்சிக்கோ நாட்டுக் கால்பந்துக் கோப்பை ஆட்டங்களை வீடியோவில் பார்த்து, பந்து யார் காலிலிருந்து யார் காலுக்குப் போனது என்று உடனுக்குடன் பதிவு செய்ய வேண்டும். ஒருத்தர் திரையைப் பார்த்துச் சொல்வார், இன்னொருத்தர் தட்டுவார். சொல்கிற குரலும் பதிவாகும். அந்தக் குரல் இல்லாமல் தட்டினால் செல்லாது, தட்டுகிறவர் வாயைத் திறக்கவும் கூடாது. கோயம்புத்தூர் கம்பெனிக்காரர்கள் எங்களையும் கோப்பை மாதிரியே நடத்தினார்கள். ஒரே ஆட்டத்தை இரண்டு ஜோடி பதிவு செய்யும், தப்பு அதிகம் செய்த ஜோடி வீட்டுக்குப் போகும். கடைசியில் மிஞ்சுகிற ஜோடிக்கு வருஷம் முழுக்க லீக் வேலை.

எனக்கு வாய்த்த ஜோடி உமாதேவி மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா. சிவகிரியில் புருஷனோடு ஒத்துவராமல் பெட்டியோடு வந்து எங்கள் மாடியில் இருப்பவள். தம்பி சோற்றில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்று தனி அடுப்பு வைத்துக்கொண்டவள். அந்த அடுப்பு எரியவும் இந்த வேலை வேண்டும். பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடியவள், ஆட்டம் தெரியும். எல்லாம் சரி, எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் என் மகளின் காதுகுத்து. பத்திரிகையை ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது மதினிக்கும் அனுப்பினேன். மாடியில் இருப்பவளுக்கு வேறு எப்படி அனுப்புவது? அத்தைக்காரிக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் வந்து, வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். காசி விசுவநாதர் கோயிலில் அத்தை இல்லாமலே காது குத்தினோம். பிள்ளை அழுததைவிட என் வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்ததுதான் அதிகம். ஒரு படி ஏறினால் குறைந்தா போய்விடுவாய் என்று கேட்டார். அவள் ஒரு படி இறங்கினால் குறைந்தா போய்விடுவாள் என்று கேட்டேன்.

அப்படிப்பட்ட நாங்கள்தான் அந்தக் கோப்பை முழுக்க ஒரே மேசையில் உட்கார்ந்தோம். ‘பத்து, பாஸ், நாலு.’ ‘நாலு, க்ராஸ்.’ ‘கார்னர்.’ அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வராது. விசில் ஊதியதும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். குரூப் ஆட்டங்கள் முடிந்தன. நாக்அவுட்டில் மதுரை ஜோடி போனது, பாலக்காட்டு ஜோடி போனது. பேசாதவர்கள் கவனம் சிதறாமல் வேலை செய்கிறார்கள் என்று கம்பெனியில் சுஜிதா என்னும் மேலாளர் புகழ்ந்தாள். அவளுக்கு உள்விவகாரம் தெரியாது.

பைனலில் எங்களுக்கு எதிர் ஜோடி கோழிக்கோட்டுக்காரர்கள். பால்குடிக்கும்போதே பந்து பார்த்தவர்கள். முந்தின நாள் சுஜிதா ஒரு மெயில் அனுப்பியிருந்தாள். இந்தக் கோப்பையில் ஆட்டம் சமமானால் எக்ஸ்ட்ரா டைம் என்கிற அரை மணி நேரம் கிடையாது, நேரே பெனால்டி, கவனம். மெயில் என் பேருக்குத்தான் வரும். அதை மதினிக்கு அனுப்பி வைத்தேன். எப்படி அனுப்பினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டம் தொடங்கியது. மஞ்சள் சட்டைக்காரர்கள் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டார்கள். நீலச் சட்டைக்காரர்கள் இடைவேளைக்குப் பிறகு திருப்பிப் போட்டார்கள். அப்புறம் பந்து நிற்கவே இல்லை. மதினி மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே போனாள், என் விரல் பின்னாலேயே ஓடியது. எனக்குக் கை வியர்த்து விசை வழுக்கியது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லை. ஒரு முறை வெளியே லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டபோது, குரல் பதிவில் கோளாறு வந்துவிடக் கூடாதென்று மதினி மைக்கை வாய்க்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபடியே விசில் ஊதிவிட்டார்கள்.

மதினி ஹெட்செட்டைக் கழற்றினாள். மாடிக் குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது. எழுந்து விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு பகீரென்றது. இன்னும் அரை மணி நேரம் ஆட்டம் இருக்கிறது, அதற்கு முன்னால் குடத்தைப் பிடித்து வைத்துவிடலாம் என்று போகிறாள். அவள் போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. வேலை நேரத்தில் அணைத்து வைக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. விதியை மீறி நான் அணைக்காமல் வைத்திருந்த என் போனில் பார்த்தேன். நான் அனுப்பியதற்குப் பக்கத்தில் நீல டிக் விழவே இல்லை. காதுகுத்துப் பத்திரிகைக்குப் பிறகு நான் அனுப்பிய எதையும் அவள் திறந்து பார்த்ததில்லை போல.

திரையில் நடுவர் காசு சுண்டினார். மைக் திறந்திருந்தது, இங்கிருந்து கத்த முடியாது. கத்தினாலும் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது. வந்துவிடுவாள், ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்று உட்கார்ந்திருந்தேன். வீரர்கள் தோளோடு தோள் சேர்த்து மைதானத்தின் நடுவில் நின்றார்கள். கோல்கீப்பர் கையுறையைத் தட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போனான். அவள் வரவில்லை. இரண்டாவது குடம் வைக்கிற சத்தம் கேட்டது. என் கால் எழுந்திருக்க மாட்டேன் என்றது. அவ்வளவு பயத்திலும், நானா போய்க் கூப்பிடுவது என்று உள்ளே ஒருத்தி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மஞ்சள் சட்டைக்காரன் ஒருத்தன் கூட்டத்திலிருந்து பிரிந்து நடக்க ஆரம்பித்தான். அவன் முதுகைத் திரையில் காட்டுவதற்குள் நான் படியில் இருந்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. வாசலுக்கு வெளியே நின்றேன். மதினி குனிந்து குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“மதினி, வாங்க” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். குடம் வழிந்து அவள் கால் நனைந்தது.

“எக்ஸ்ட்ரா டைம் கிடையாது. பெனால்டி ஆரம்பிச்சிட்டான்.”

“இத முன்னாலயே சொல்லுததுக்கென்ன?”

“வாட்ஸ்அப்ல போட்டேன்.”

“நீ போடுவ” என்றாள். ஆனால் அதற்குள் என்னைத் தாண்டிப் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

கீழே வந்தபோது திரையின் மூலையில் பெனால்டிக் கணக்கு ஒன்றுக்குப் பூஜ்யம் என்று விழுந்திருந்தது. முதல் அடி போய்விட்டது, கோல் என்று மட்டும் தெரிந்தது. யார் அடித்தது என்று தெரியாது. மறுபடி போட்டுக் காட்டுவார்கள் என்று பார்த்தால், பாவிகள், கைகூப்பி நிற்கிற ஒரு ரசிகரைக் காட்டினார்கள். மதினி ஹெட்செட்டை மாட்டினாள். நனைந்த கால் தரையில் ஈரம் போட்டது. நீலச் சட்டைக்காரன் பந்தை வைத்துக்கொண்டிருந்தான். முதல் அடிக்கான கட்டம் என் முன்னால் காலியாக மின்னியது.

நான் வாய் திறக்கக் கூடாது என்கிற விதியை மறந்தேன். “ஒம்பதுன்னு சொல்லிருங்க மதினி, அவன்தான் எப்பவும் மொதல்ல அடிக்கான்” என்றேன்.

மைக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

“பாக்காதத எப்பிடிட்டீ சொல்லுவேன்?” என்றாள் மதினி. அடுத்த மூச்சிலேயே, “நீலம், ஆறு, கோல்” என்றாள். நான் தட்டினேன். அதன் பிறகு ஒரு அடியையும் நாங்கள் விடவில்லை. ஒவ்வொருத்தன் ஓடி வரும்போதும் அவள் இடது கை மேசைமேல் இருந்த என் மணிக்கட்டை அழுத்தியது, அடித்ததும் விட்டது. அதை அவள் அறிந்து செய்தாளா என்று தெரியாது. கடைசி நீலச் சட்டைக்காரன் பந்தை வானத்துக்கு அனுப்பினான். மஞ்சள் சட்டைக்காரர்கள் ஒருத்தன்மேல் ஒருத்தன் விழுந்து அழுதார்கள். மதினி ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். வழக்கம் போலத்தான், ஆனால் மெதுவாக.

மத்தியானம் மெயில் வந்தது. கோழிக்கோட்டுக்காரர்கள் இரண்டு பாஸில் ஆளை மாற்றிச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் ஆட்டம் முழுக்க ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் பெனால்டியில் ஒரு அடி காலி, நடுவில் தட்டுபவர் பேச்சு; அது பத்துத் தப்புக்குச் சமமாம். அதனால் லீக் வேலை அவர்களுக்கு. அந்த முதல் அடியை அடித்தவன் ஒன்பதாம் எண்காரன்தான் என்று கீழே குறிப்பு வேறு போட்டிருந்தாள் சுஜிதா. எனக்கு வந்த ஆத்திரத்தில் லேப்டாப்பை மூடிய வேகத்துக்கு அது உடையாமல் தப்பியது பெரிய விஷயம். கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்று அழுதேன். இவ்வளவு தூரம் வந்தும் போய்விட்டதே என்றிருந்தது.

மதினிக்குச் சொல்ல வேண்டும். கை தன்னால் போனை எடுத்துவிட்டது. மெயிலைப் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அவள் பெயர்வரை போய்விட்டேன். அவள் பெயருக்குக் கீழே நான் அனுப்பிய பழைய பத்திரிகை இருந்தது, திறந்து பார்த்ததன் நீலத்தோடு. அதற்கடுத்து அனுப்பிய ஒன்றிலும் நீலம் இல்லை.

போனை அரிசிப் பானைமேல் வைத்துவிட்டுப் படியேறினேன். காலையில் ஓடி ஏறிய படிதான், இப்போது கால் கனத்தது. அவள் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. வாசலுக்கு வெளியே நின்றேன்.

“மதினி, வேல போயிட்டு” என்றேன். “மொத அடி ஒம்பதுதானாம்.”

அவள் திரும்பவில்லை. கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள். தோள் மட்டும் ஒரு தரம் இறங்கி ஏறியது. நான் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

“அதச் சொல்லதுக்கா ஏறி வந்த?”

“ஆமா.”

அடுப்பைக் குறைத்தாள். இன்னொரு தட்டை எடுத்துக் கழுவினாள்.

“வெளிய நிக்காதட்டீ,” என்றாள். “உள்ள வா.”