நல்லேரிக்கண்டிகையில் இல்லாத கோபுரம்

கைப்பேசிக் கோபுரம் எங்கே நிற்கிறது என்பதை, அதை நட்ட நிறுவனம் யாருக்கும் சொல்வதில்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி உயர்த்தி, உச்சியில் சிவப்பு விளக்கும் ஏற்றிவிட்டு, அதன் இருப்பிடம் மட்டும் இரகசியம் என்பார்கள். இந்த அபத்தத்தைப் பொறுக்காதவர்கள் சேர்ந்து உருவாக்கியதுதான் எங்கள் திறந்த தரவுத்தளம். யாரும் பார்க்கலாம், யாரும் பயன்படுத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலை, நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் என்னிடம் வந்து சேர்ந்தது.

முறை எளியது. ஒவ்வொரு கோபுரமும் தன் எண்ணை ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. தன்னார்வலரின் கைப்பேசி அதைக் கேட்டு, கேட்ட இடத்தைக் குறித்து அனுப்புகிறது. ஒரே எண்ணைப் பலர் பல இடங்களில் கேட்டிருந்தால், அந்த இடங்களுக்கெல்லாம் நடுவே எந்தப் புள்ளி வருகிறதோ, அங்கே கோபுரம் இருப்பதாகக் கணினி கொள்கிறது. கேட்டவர்கள் பெருகப் பெருக அந்தப் பதிவின் நம்பிக்கை மதிப்பும் உயரும். உச்ச மதிப்பைத் தொட்ட பதிவை ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி அழிக்கக் கூடாது என்பது விதி. அந்த விதிக்காக நான் பலருடைய பகையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தை மாதத்தில் ஒரு முற்பகல், சித்தூரில் என் வீட்டு வாசலில் ஸ்வர்ணலதா வந்து நின்றார். பெனுமூரைத் தாண்டிக் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் நல்லேரிக்கண்டிகையில் அவர் சுகாதாரப் பணியாளர். கர்ப்பிணிகளைக் கவனிப்பதும் பிரசவத்துக்கு ஆம்புலன்சை வரவழைப்பதும் அவர் பொறுப்பு.

“எங்க ஊர்ல டவர் கீதுன்னு எழுதி வெச்சது நீங்கதானா, அய்வாரே?” என்றார். எங்கள் பக்கத்தில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள்.

“நான் எழுதவில்லை. தரவு சொல்கிறது” என்றேன்.

“தரவு யாரு? அந்தாள இட்டுக்கினு வாங்க, நான் பேசறேன்.”

அவர் சொன்னதன் சாரம் இது. தொடர்பே இல்லாத ஊர்களுக்குக் கோபுரம் அமைக்கும் திட்டம் ஒன்று வந்திருந்தது. ஊர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஒரு தனியார் நிறுவனம் ஏற்றிருந்தது. அந்நிறுவனத்தார் ஓர் ஊருக்கும் போகாமல், எங்கள் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்து, ‘ஏற்கெனவே கோபுரம் உள்ளது’ என்று நல்லேரிக்கண்டிகையை நீக்கிவிட்டார்கள். ஆட்சேபம் தெரிவிக்க மாதக் கடைசிவரை அவகாசம் இருந்தது. அதன்பின் பட்டியல் மூடப்படும்.

“வலி எடுத்தா நான் பாறை மேல ஏறித்தான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணணும். போன மழைல வழுக்கிக்கினு கீழ வந்தேன். பாரு, முட்டி. மாசி, பங்குனில நாலு பொண்ணுங்களுக்கு நாள் குறிச்சிருக்கு. அதுல ஒண்ணு எம்மருமவ.”

நான் கணினியைத் திறந்தேன். ஏரிக்கரையை ஒட்டிக் கோபுரம் இருந்தது. நம்பிக்கை மதிப்பு உச்சத்தில். இரண்டு மாவட்டங்களிலும் அதற்கு நிகரான பதிவு வேறு இல்லை. இவ்வளவு பேர் சேர்ந்து பொய் சொல்ல மாட்டார்கள் என்றேன். இப்படிச் சொல்லும்போது என் குரல் வகுப்பறைக் குரலாக மாறிவிடுவது எனக்கே தெரியும்.

“அப்ப ஊருக்கு வாங்க. அந்த டவர் நெழல்ல பாய் போட்டு உங்களுக்குச் சோறு போடறேன். உக்காந்து துன்னுட்டுப் போங்க” என்றார் ஸ்வர்ணலதா.

மறுநாளே போனேன். பெனுமூர்ப் பக்கம் பால் எடுக்கும் வண்டியை ஓட்டும் தங்கவேலு எங்கள் தன்னார்வலர். அவர் வண்டியிலேயே போனேன். கடைசித் திருப்பத்தைத் தாண்டியதும் என் கைப்பேசியில் அலைக்கோடுகள் ஒவ்வொன்றாக அவிந்தன. ஏரிக்கரையில் இரண்டு புளியமரங்கள் இருந்தன, ஒரு மோட்டார் கொட்டகை இருந்தது, கோபுரம் இல்லை. தொலைவில் பாறையின்மேல் ஊரே நின்றுகொண்டிருந்தது. ரேஷன் அரிசிக்கு விரல் ரேகை வைக்கும் இயந்திரத்துக்கு அங்கே மட்டும்தான் தொடர்பு கிடைக்குமாம். ரேகை மேலே, அரிசி கீழே.

“பாய் எந்தப் பக்கம் போடட்டும், அய்வாரே?” என்று ஸ்வர்ணலதா கேட்டார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

கோபுரம் இல்லை என்பதைப் பதிவு செய்யச் செயலியைத் திறந்தேன். அப்போதுதான் எங்கள் முறையிலிருந்த ஓட்டை முகத்தில் அறைந்தது. கேட்டதை மட்டுமே அந்தச் செயலி எழுதும். எதுவும் கேட்காத கைப்பேசி எதையும் அனுப்பாது. ஆகவே எங்கள் தரவுத்தளத்தில் ஒருவரும் போகாத ஊரும், போய் ஒன்றும் கேட்காத ஊரும் ஒன்றே. இத்தனை ஆண்டுகளாக இதை ஒருவரும் குறையென்று எண்ணவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை நின்றிருந்த தங்கவேலுவின் மேல்தான் காட்ட முடிந்தது.

“எம்மேல ஏன் சார் பாயறீங்க? நான் பால் வண்டி ஓட்டறவன்” என்றார் அவர், நியாயமாகவே.

ஸ்வர்ணலதா சொன்னபடி சோறு போட்டார். புளியமரத்து நிழலில் சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும், கோபுரத்தின் புள்ளியை விட்டுவிட்டு, அதைக் கேட்டவர்கள் எங்கெங்கே நின்று கேட்டார்கள் என்று பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. கண்டிகையில் ஒருவர்கூட இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் இரண்டே இடங்களில் குவிந்திருந்தார்கள். ஒரு குவியல் காணிப்பாக்கம். தேதிகள் விநாயக சதுர்த்தியை ஒட்டியவை. மற்றது திருப்பதியில் அலிபிரி. தேதிகள் புரட்டாசி பிரம்மோற்சவத்தவை. இரண்டுக்கும் இடையில் ஒரு நேர்கோடு இழுத்தால் அதன் நடுவில் நல்லேரிக்கண்டிகை கிடக்கிறது.

தங்கவேலுவைத் தொலைபேசியில் அழைத்து, காணிப்பாக்கத்தில் கேட்ட கோபுரம் அலிபிரியிலும் எப்படிக் கேட்கும் என்றேன்.

“அது வண்டி சார்!” என்றார் அவர். “கூட்டத்துக்காகப் போன் கம்பெனிக்காரங்க கம்பம் வெச்ச லாரி ஒண்ணு கொண்டாந்து நிறுத்துவாங்க. இங்க திருநாள் முடிஞ்சதும் அதையே அங்க ஓட்டிக்கினு போயிடுவாங்க. ரெண்டு எடத்துலயும் நாமதான் நின்னு ஏத்தினோமே!”

உண்மை. எங்கள் குழுவுக்கு ‘திருநாள் அறுவடை’ என்றொரு வழக்கம் உண்டு. பெருங்கூட்டம் கூடும் இடத்தில் தன்னார்வலர்கள் எல்லோரும் செயலியை இயக்கிக்கொண்டு சுற்றுவார்கள். அந்தச் சில நாட்களில் சேரும் பதிவுகள் மற்ற மாதங்களில் சேருவதைவிட மிகுதி. அந்த அறுவடையில்தான் ஓடுகிற லாரியை நிற்கிற கோபுரமாக்கி, ஒரு தடவைகூட அது போகாத ஊரில் கொண்டுபோய் நட்டிருக்கிறோம். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து ஓர் ஊரை இருட்டில் தள்ளியிருக்கிறோம்.

திருப்பதியிலிருந்து தரவுத்தளத்தின் நிரல்களைப் பராமரிப்பவர் கோகுலகிருஷ்ணன். திருவள்ளூர்ப் பக்கத்துப் பிள்ளை. வேலைக்காகத் திருப்பதியில் குடியேறியவர். அந்தப் பதிவை உடனே அழிக்கும்படி அவரிடம் சொன்னேன்.

“ரூல் இருக்கே சார்” என்றார். “போன வருஷம் ஒண்ண அழிச்சதுக்கு ரூல் ரூல்னு குரூப்ல என்னக் கிழிச்சது யாரு? இன்னும் அந்த மெசேஜ வெச்சிக்கினு இருக்கேன்.”

“வாய்ச்சொல்லை நம்பி அழிக்கக் கூடாது என்பதுதான் விதி. ஆதாரத்தின்மேல் அழிப்பதை விதி தடுக்கவில்லை.”

“லாரி ஓகே சார். ரெண்டா பிரிச்சி, ‘நகரும் டவர்’னு மாத்திடலாம். ஆனா லிஸ்ட் போடற கம்பெனிக்காரன் இன்னா சொல்வான் தெரியுமா? அங்க வேற டவர் சத்தம் எட்டும், நீங்க யாரும் போய்ப் பாக்கலைம்பான்.”

“எட்டவில்லை என்பதையும் எழுதுவோம். கேளாமையும் ஒரு பதிவுதான். செயலியை அதற்கேற்ப மாற்றுங்கள்.”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “பண்ணலாம் சார். ஞாயித்துக்கிழமைக்குள்ள பண்ணலாம்” என்றார். அவர் குரலில் சலிப்புப் போய் ஆர்வம் வந்திருந்தது.

ஞாயிறன்று தன்னார்வலர்கள் நல்லேரிக்கண்டிகைக்கு வந்தார்கள். சிலர் ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள். விடுமுறை நாளைக் கொடுத்து வந்திருந்தார்கள். எந்தக் கைப்பேசி நிறுவனமும் விட்டுப்போகாதபடி ஒவ்வொன்றின் இணைப்புக்கும் ஒரு கைப்பேசி இருந்தது. புதிய செயலி, ஒன்றும் கேட்காதபோதும் நின்ற இடத்தைக் குறித்துவைத்து, தொடர்புள்ள இடத்துக்குப் போனதும் அனுப்பிவிடும். நாங்கள் தெருத்தெருவாக நடந்தால் போதும் என்று நினைத்திருந்தோம். ஸ்வர்ணலதா ஒப்பவில்லை.

“தெருவுல மட்டுமா வலி வரும்? வயல்ல இருக்கறப்ப வரும், மாடு ஓட்டிக்கினு போறப்ப வரும். போன எங்க பொம்பளைங்ககிட்ட குடுங்க.”

கொடுத்தோம். நடவுக்குப் போனவர்கள், புல்லறுக்கப் போனவர்கள், ஏரிக்குத் துணி துவைக்கப் போனவர்கள் என்று எங்கள் கைப்பேசிகள் ஊரின் நாற்புறமும் போயின. இடுப்பில் செருகிய கைப்பேசியைத் தட்டிக் காட்டி, “ஒண்ணுமே கேக்கலன்னு கேக்கறதுக்கு இத்தினி பேரா!” என்று ஒருத்தி உரக்கக் கேட்டாள். “உம் புருஷன் உம்பேச்சக் கேக்கற மாதிரிதான். செவுடுதான், ஆனா கூடவே வரும்” என்றாள் இன்னொருத்தி. ஸ்வர்ணலதாவின் மருமகளும் வந்தாள். நிறைமாத வயிற்றோடு நடக்க வேண்டாம் என்று நான் தடுத்தபோது, “எனக்காவத்தானே சார் நடக்கறாங்க” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டிலிருந்து பாறை அடிவாரம்வரை மெல்ல நடந்து திரும்பினாள்.

மாலையில் எல்லாக் கைப்பேசிகளையும் தங்கவேலுவின் வண்டியில் ஏற்றிப் பெனுமூர் வந்தோம். பதிவுகள் சேரச் சேர, கோகுலகிருஷ்ணனின் மடிக்கணினித் திரையில் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றின. சற்று நேரத்தில் வயலும் ஏரியும் தெருவும் சாம்பல் புள்ளிகளாலேயே உருவம் பெற்றன. மருமகள் நடந்த வழி தனிக்கோடாகத் தெரிந்தது. கோகுலகிருஷ்ணன் லாரியின் பதிவை இரண்டாகப் பிரித்ததும் ஏரிக்கரைக் கோபுரம் மறைந்தது.

மாதக் கடைசிக்கு முன்பே ஆட்சேபத்தை அனுப்பினேன். பட்டியல் தயாரித்த நிறுவனத்திலிருந்து ஒருவர் பேசினார். “உங்க டேட்டாபேஸ் அப்டேட் ஆயிடுச்சி போல. சிஸ்டம் தானா அந்த ஊரைச் சேர்த்துக்கிச்சு” என்றார், ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோல. தானாக ஒன்றும் நடக்கவில்லை, நடந்தது பெண்களின் கால்கள் என்று சொன்னேன். ஊருக்கு ஒரு நாள் வந்து பார்த்திருந்தால் உங்களுக்கும் கண் இருப்பது தெரிந்திருக்கும் என்றும் சொன்னேன். அவர் நன்றி கூறி வைத்துவிட்டார்.

மருமகளுக்கு மாசியில் பெண் குழந்தை பிறந்தது. அப்போதும் ஸ்வர்ணலதா பாறையேறித்தான் ஆம்புலன்சை அழைத்தார். பங்குனிப் பிற்பகுதியில் மறுபடியும் பாறையேறி என்னை அழைத்தார்.

“அய்வாரே, அளக்கறவங்க வந்துட்டாங்க! ஏரிக்கரைல குழி தோண்டறாங்க. நீங்க மொதல்ல காட்டின அதே எடம்தான்னு வெச்சிக்குங்களேன். இப்பவே உங்க படத்துல ஏத்திடுங்க.”

“முடியாது” என்றேன். “அது எழுந்து பேச வேண்டும், உங்கள் கைப்பேசி அதைக் கேட்க வேண்டும். அதற்குமுன் ஏற்ற முடியாது.”

“சரி, அப்ப மொத ஆளா நானே கேட்டுச் சொல்றேன். எப்படி அனுப்பறதுன்னு சொல்லிக் குடுங்க.”

சொல்லத் தொடங்கினேன். காற்று பலமாக வீசியதால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கீழே இறங்கிச் செயலியைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னவர், கீழே அதற்குத் தொடர்பு இல்லை என்பது நினைவுக்கு வர, சிரித்துக்கொண்டே, “பாறை மேலயே உக்காந்துட்டேன்” என்றார்.