மச்சினன் கண்ணில் விழுந்த பச்சைக் கட்டம்

1.

இந்தக் கதையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று வலது கையைத் தூக்கி, இடது கையால் எழுதியபடியே சத்தியம் செய்கிறேன். நான் இடது கைப் பழக்கக்காரன் அல்ல. எழுத்து கோணலாக இருந்தால் அதைச் சத்தியத்தின் பாரம் என்று கொள்ளவும்.

கதை பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மச்சினன், ஒரு கேமரா தன்னை மிருகம் என்று சொல்லிவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அதுவும் சந்தோஷமாக. அந்தச் சந்தோஷம்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒளி என்பது காலத்தின் மேல் விழும்...

(யார் எழுதியது இது? அடித்தாயிற்று.)

பிறகு இப்படி:

மிரர்லெஸ் கேமரா என்றால் உள்ளே கண்ணாடி கிடையாது என்று மகள் விளக்கியதும், "கண்ணாடியும் இல்லாமயா இந்த விலை?" என்று என் மனைவி...

(இது நடந்தது. ஆனால் தொடர்ந்தால் விலையைச் சொல்ல வேண்டி வரும். என் ரத்த அழுத்தம் இடம் தராது.)

2.

என் மகள் காப்பீட்டு அலுவலக வேலையை உதறிவிட்டு, அந்தக் கேமராவோடு வீட்டுக்கு வந்தாள். போட்டோவும் எடுக்கும், வீடியோவும் எடுக்கும். விளம்பரப் படம் எடுப்பதே இனி பிழைப்பு என்றாள். அன்று முதல் வீட்டில் புது மாப்பிள்ளை தங்கியிருப்பதுபோல் அடக்கமாக நடந்துகொள்கிறோம். ஈரம் புகாத கண்ணாடி அலமாரி அதற்கு. எனக்கு மின்விசிறி. அதையும் வீடியோ ஓடும்போது நிறுத்திவிடுவார்கள், கிரீச்சிடுகிறதாம். பிளக் பாயிண்டையெல்லாம் அதன் பேட்டரிகள் பிடித்துக்கொண்டதால் என் மனைவியின் போன் பாதி நாள் பட்டினி.

அதன் கூர்மையை உள்ளபடி சொன்னால் நம்பமாட்டீர்கள்; குறைத்தே சொல்கிறேன். நான் பேப்பர் படிப்பதை மகள் படம் எடுத்தாள். படத்தில் என் மூக்குக்கண்ணாடியைப் பெரிதாக்கினோம். அதில் தெரிந்த செய்தியைப் படிக்க முடிந்தது. இன்னும் பெரிதாக்கினோம். அடுத்த பக்கத்துச் செய்தியும் தெரிந்தது.

வீடியோவில் ஆட்டத்தை அடக்கும் வசதி வேறு. நான் நடப்பதை எடுத்தபோது என் கை நடுக்கத்தையே காணோம். டாக்டரிடம் போட்டுக் காட்டினேன். மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார்.*

* டாக்டர் அல்ல, நானாகவே பாதியாக்கிக்கொண்டேன் என்பாள் மனைவி. அவள் கதையை அவள் எழுதிக்கொள்ளட்டும்.

3.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் வேண்டும். ஒரு பல் டாக்டர் இருக்கிறார். மகள் பழைய கேமராவில் எடுத்த அவருடைய விளம்பரப் படத்தில், சிரிப்பு மங்கி, சுவர்க் கடிகாரம் பளிச்சென்று வந்துவிட்டது. "இன்னொரு தடவை பாக்கலாம். அதுவும் சரியில்லன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்" என்றிருந்தார். அவரை விட்டால் அவளுக்கு வேறு வாடிக்கையாளர் இல்லை. காப்பீட்டு அலுவலக நாற்காலிக்கே திரும்ப வேண்டியதுதான்.

புதுக் கேமரா ஆளைக் கண்டதும் கண்ணைத் தேடிப் பிடித்து அதன்மேல் ஒரு பச்சைக் கட்டம் போடும். கட்டம் விழுந்த கண் தெளிவாக வரும். ஆள் நகர்ந்தாலும், வரன் பார்க்கும் அத்தையைப்போல் விடாது. ஆனால் பல் டாக்டரைப் படம் எடுக்கப் போகும் காலையில், மகள் தன் அம்மாவை நிறுத்திச் சோதித்தால் கட்டத்தைக் காணோம்.

"கண்ணச் சிமிட்டாதம்மா."

"எங்கடி சிமிட்டுறேன்? முழிச்சு முழிச்சுக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

"அப்பா, நீங்க வந்து நில்லுங்க."

நின்றேன். கேமரா என்னைத் தாண்டிப் பின்னால் தொங்கிய திரைச்சீலையை ஆசையோடு பார்த்தது. என் வயதில் இது கலவரமான விஷயம். "நான் இருக்கேனா பாரு" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ரெண்டாவது காப்பி கேட்டீங்கல்ல? இருக்கீங்க."

மகள் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நேத்து மாமாதான் பையத் தூக்கிட்டு வந்தாரு. நிலைவாசல்ல டங்குன்னு சத்தம் கேட்டுச்சு."

மாமா என்பது என் மச்சினன். எங்களோடுதான் இருக்கிறான், அவளுக்கு விளக்குப் பிடிப்பதும் பை தூக்கிப் போவதும் அவன் வேலை.

"அது என் தலைம்மா. பை இல்ல."

"தலைன்னா அவ்ளோ சத்தமா?"

"காலியா இருந்தா கேக்கும்" என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

"இனிமே நீங்க கேமரா பக்கம் வர வேணாம் மாமா" என்றாள் மகள்.

(இங்கே இவன் திருப்பிக் கத்துவதாகத்தான் எழுதியிருந்தேன். தூக்கத்தில்கூட வாயை மூடாதவன். ஆனால் அன்று தலையை மட்டும் ஆட்டினான். அதனால் அவனுக்கு எழுதி வைத்த நல்ல வசனமெல்லாம் வீண்.)

4.

பல் டாக்டர் போனில் கூப்பிட்டார். தலை வாரி, வெள்ளைக் கோட்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறாராம். மகள் போனைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள். மச்சினன் வெளியே போய்விடலாம் என்று, நாற்காலியில் கிடந்த சட்டையை எடுக்கக் கேமராவுக்கு முன்னால் வந்தான். சவரத்தை மறந்து நெடுநாள் ஆன முகம், காதுவரைக்கும் தாடி.

திரையில் பச்சைக் கட்டம் விழுந்தது. சரியாக அவன் கண்ணில்.

"மாமா, அசையாதீங்க!"

"நான் எதையும் தொடலம்மா!"

குனிந்தான், கட்டமும் குனிந்தது. மகள் மெனுவுக்குள் போய் எதையோ பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து மிருக ஆஸ்பத்திரிக்காகக் காசு வாங்காம நாய்ங்கள எடுத்தேன்ல? மிருகத்த மட்டும் தேடுன்னு நான்தான் வச்சேன். மாத்த மறந்துட்டேன். கேமராவுக்கு ஒண்ணுமே இல்ல."

எல்லோரும் மச்சினனைப் பார்த்தோம். அவன் தாடியைத் தடவிக்கொண்டான்.

"அப்ப... நான் உடைக்கல?"

"இல்ல மாமா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"மிருகம்னா மிருகம்! உடைக்கலல்ல?" குரல் உடைந்தது, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"என்ன மிருகம்னு அதுல போடுமாடி?" என்றாள் என் மனைவி.

"போட்டா உனக்குந்தான்க்கா அசிங்கம். ஒரே வயித்துல பொறந்தோம்."

மகள் அமைப்பை மனிதருக்கு மாற்றினாள். கட்டம் மனைவியின் கண்ணில் விழுந்தது, பிறகு என் கண்ணில். வீட்டுக்குள் காற்று வந்ததுபோல் இருந்தது. (உவமை பழசு. ஆனால் யாரோ மின்விசிறியைப் போட்டிருந்தார்கள்.) பையை எடுத்து மாமாவின் தோளில் அவளே மாட்டிவிட்டாள். வாசலில் அவன் தலையைக் குனிந்து, பையைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு போனான்.

5.

முடிவுகள் சில கைவசம் உண்டு. ஒன்றில், டாக்டரின் சிரிப்பு அத்தனை தெளிவாக வருகிறது. அவர் பல்லிலேயே சொத்தை இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னொன்றில், வெற்றிக் களிப்பில் மச்சினன் தாடியை மழித்துவிட, அதன் பிறகு எந்த அமைப்பிலும் அவனைக் கேமரா...

வேண்டாம். அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். படியேறும் சத்தமும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசும் சத்தமும் கேட்கின்றன. அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. நான் எழுந்து போவதாக இல்லை. கதவை நீங்களே திறந்து, படம் எப்படி வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பங்குக்குச் சேர்க்க ஒரு தகவல்தான் பாக்கி: எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.