கூப்பிட்டால் பேசாதே

அக்கா மகள் வாண்டுவைக் காணவில்லை என்று தெரிந்தபோது மணி நாலரை. வனத்துறை குவார்ட்டர்ஸ் பின்வேலியில் ஒரு கம்பி தளர்ந்திருந்தது. அதன் கீழே அவளுடைய செருப்பு ஒன்று கிடந்தது.

செக்போஸ்ட்டில் சீட்டுக் கிழிக்கும் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "உன்கிட்டதானே விட்டுட்டுப் போனேன்? எந்நேரமும் காடு காடுன்னு அவ காதுல ஓதினியே, இப்பத் திருப்தியா?"

முந்தின நாள் மான் படுத்து எழுந்த புல்லை வாண்டுவுக்குக் காட்டியது நான்தான். அப்பா எனக்குக் காட்டினார். அவருக்கு அவருடைய அத்தை. ஆறு வயசுக்காரியிடம் அந்தக் காட்டுக் கிறுக்கைக் கொடுத்தது நான்.

காட்டு வாச்சரான அப்பாவும் ஜீப் டிரைவரும் வந்துவிட்டார்கள். எல்லோரும் வேலியைத் தாண்டி, "வாண்டு! ஏய் வாண்டு!" என்று கத்திக்கொண்டே போனோம். ஒரு சத்தமும் இல்லை.

"அந்த வாயாடியா இப்படி இருக்கா? இந்நேரம் நம்மளைப் பத்துக் கேள்வி கேட்டிருப்பாளே" என்றார் டிரைவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய மிருகம் பக்கத்தில் நின்றால், யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காமல் மரத்தோடு மரமாக நிற்கவேண்டும். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. நான்தான் அதை வாண்டுவுக்கு விளையாட்டாகப் பழக்கினேன்.

"கத்தாதீங்க!" என்றேன். என் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "அவ பக்கத்துல ஏதோ நிக்குது. அதை மிரள விடாதீங்க."

"அடிபட்டுக் கிடந்தா? அப்பவும் பதில் வராதுடி!" என்றாள் அக்கா.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அக்காவின் வாயைப் பொத்தினார்.

சும்மா நின்றோம். அக்காவின் நகங்கள் என் கையில் பதிந்தன. நான் நினைத்தது தப்பு என்றால், இப்படி நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவளைக் கொல்கிறது.

உண்ணிச்செடிப் புதர் அசைந்தது. தனிக் காட்டெருமை ஒன்று தலையை நீட்டி எங்களை முறைத்தது. பெருமூச்சு விட்டுவிட்டு ஓடைப்பக்கம் இறங்கிப்போனது. அது நின்ற இடத்துக்குப் பத்தடி பின்னால், ஒரு மரத்தில் பல்லி மாதிரி ஒட்டியிருந்தாள் வாண்டு. பாவாடை நனைந்திருந்தது.

அக்கா பாய்ந்து அவளைத் தூக்கினாள்.

"அம்மா, அதோட கண்ணுல ஈ மொய்ச்சுது. பாவம்."

அக்கா அழுதுகொண்டே அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "பாவமாம்! தலைமுறை தலைமுறையா ஒருத்தருக்கும் புத்தி வராது."

டிரைவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் தோளில் கிடந்தபடி, வாண்டு காட்டெருமை போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.